தி.நகர் கடைவீதி சொல்லும் கணக்கு



மலருக்குக் கட்டுரை கேட்டபோது நிறைய பேர் தங்கள் குழு ஆரம்பித்த கதையை எழுதுவதாகச் சொன்னார்கள். அதை எழுத நம்மிடம் மூத்தவங்க இருக்காங்க. நான் ஒரு கடைவீதியின் வரலாற்றை எழுதுகிறேன். அதற்குக் காரணம் இருக்கு. ஆறு மாதமாக நம்ம கூட்டத்தில் ஒரே பேச்சுதான் ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம குழுக்கள் அரைக்கிற மிளகாய்த்தூள், சாம்பார் பொடி விலையைக் கம்பெனி பாக்கெட்டுக்கும் கீழே இறக்கணுமா, வேண்டாமா? பாதிப் பேர் இறக்கினால்தான் சரக்கு ஓடும் என்கிறார்கள். பாதிப் பேர் கட்டுப்படி ஆகாது என்கிறார்கள். வருகிற பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக எழுதப் போகிறோம். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடி, இதே கேள்விக்கு நூறு வருஷமாக விதவிதமாகப் பதில் சொன்ன ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அந்த இடம் சென்னை தி.நகர். பக்கத்தில் இருக்கிற மயிலாப்பூரும் கொஞ்சம் வரும்.

ஏரி, ஊர் ஆன கதை

நாம கல்யாணப் புடவை எடுக்கப் போகிற தி.நகர் இருக்கிற இடம் ஒரு காலத்தில் ஏரி. நுங்கம்பாக்கம் பக்கம் இருந்து சைதாப்பேட்டை வரைக்கும் நீளமாகத் தண்ணீர் நின்ற ஏரி அது. 1920-களில் நீதிக்கட்சி ஆட்சி நடந்தபோது அந்த ஏரியைத் தூர்த்து, மனை பிரித்து, புது நகர் உண்டாக்கினார்கள். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். பனகல் பார்க், அப்போது முதலமைச்சராக இருந்த பனகல் அரசர் பெயரில் இருக்கிறது. உஸ்மான் ரோடு, சர் முகமது உஸ்மான் பெயரில். பாண்டி பஜார் என்றால் பாண்டிச்சேரிச் சாமான் விற்ற இடம் என்று பலர் நினைப்பாங்க. அது டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரில் வந்த அங்காடி.

வீடு கட்டிக் குடியிருக்கத்தான் அந்த ஊரைப் போட்டார்கள். அது கடைவீதி ஆனதற்கு முக்கியமான காரணம் ரயில். 1931-ல் பீச் ஸ்டேஷனில் இருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிற ஜனம் உஸ்மான் ரோட்டுக்குப் போக ரங்கநாதன் தெரு வழியாகத்தான் நடக்கணும். பிற்பாடு உஸ்மான் ரோட்டிலேயே பஸ் நிலையமும் வந்தது. ரயிலில் இருந்து பஸ்ஸுக்கும் பஸ்ஸில் இருந்து ரயிலுக்கும் ஜனங்கள் அந்தச் சின்னத் தெருவைத் தாண்டியே போனார்கள். கடைக்காரர் விளம்பரம் பண்ணிக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல், காலையில் இருந்து ராத்திரி வரைக்கும் ஆட்கள் வாசலில் நடந்து போனார்கள். நம்ம பக்கத்து ஜனங்களும் செங்கல்பட்டு ரயிலைப் பிடித்து அங்கே போனவங்கதான். இந்த ரயில் விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி இது தேவைப்படும்.

பட்டு விற்றவர்கள்

1928-ல் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டியார் தி.நகரில் கடை ஆரம்பித்தார். ஊர் அப்போதுதான் உருவாகிக்கொண்டு இருந்தது. பட்டு என்றால் நல்லி என்று பேர் வாங்குகிற அளவுக்கு அந்தக் கடை வளர்ந்தது. அதைச் சுற்றி வேறு பட்டுக் கடைகளும் வந்தன. 1924-ல் திருநெல்வேலியில் ஆரம்பித்த ஆர்.எம்.கே.வி. பிற்காலத்தில் பனகல் பார்க் பக்கம் கடை திறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த போத்தீஸும் உஸ்மான் ரோட்டுக்கு வந்தது. குமரன், சென்னை சில்க்ஸ் என்று இன்னும் எத்தனையோ.

எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே சாமானை விற்றால் ஒருத்தர் வியாபாரத்தை ஒருத்தர் கெடுத்துக்க மாட்டாங்களா என்று நான் யோசித்தது உண்டு. நம்ம ஊர்ச் சந்தையிலேயே ரெண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் கீரை விற்றால் சண்டை வருது. ஆனால் வாங்க வருகிறவங்க பக்கம் இருந்து பாருங்க. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வருகிற குடும்பம் ஒரே கடையைப் பார்த்துத் திருப்தி அடையாது. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு நிறம் பிடிக்கும், பொண்ணுக்கு வேறு பிடிக்கும். நாலு கடை ஏறி இறங்கணும். நாலு கடையும் ஒரே இடத்தில் இருந்தால் அந்தக் குடும்பம் அங்கேதான் வரும். தனியாக ஒரு மூலையில் இருக்கிற கடைக்கு அந்தக் கூட்டம் கிடைக்காது. போட்டிக்காரர்தான் பாதி வாடிக்கையாளரைக் கூட்டிக்கிட்டு வருகிறார்.

ஆனால் வந்த கூட்டம் தன் கடைப் படியை ஏன் ஏறணும் என்பதற்கு ஒவ்வொரு கடையும் தனியாக ஒரு காரணம் வைத்திருக்கணும். ஆர்.எம்.கே.வி. ஒரே புடவையில் 50,000 நிறங்கள் என்று நெய்து காட்டியது. போத்தீஸ் தன் பட்டு வகைகளுக்குச் சாமுத்ரிகா, பரம்பரா என்று பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிற மாதிரி பண்ணியது. நல்லிக்கு இத்தனை தலைமுறையாகச் சேர்ந்த பேரே காரணம். பாட்டி எடுத்த கடையில் பேத்திக்கும் எடுக்கிறோம் என்று வருகிறவங்க உண்டு.

விலையைக் குறைத்து ஜெயித்த தெரு

அதே தி.நகரில் நாலு எட்டு தள்ளி ரங்கநாதன் தெரு. அங்கே கதையே வேறு. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் பணிக்கநாடார் குடியிருப்பு என்ற ஊரில் இருந்து வந்த அண்ணன் தம்பிகள் உண்டாக்கிய சரவணா ஸ்டோர்ஸ் அந்தத் தெருவின் முகத்தையே மாற்றியது. பாத்திரம், துணி, நகை, பிளாஸ்டிக் சாமான், மளிகை என்று ஒரு வீட்டுக்குத் தேவையான அத்தனையும் அங்கே கிடைத்தது. விலையும் குறைவு. பிற்காலத்தில் அந்தக் குடும்பமே கிளைகளாகப் பிரிந்து, சரவணா என்ற பெயரை ஒட்டிய கடைகள் தங்களுக்குள்ளேயே போட்டி போடுகிற அளவுக்கு அந்த முறை வெற்றி அடைந்தது.

விலையைக் குறைத்து எப்படிக் கட்டுப்படி ஆகுது? இதுதான் நமக்குத் தேவையான பாடம். அந்த மாதிரிக் கடைகள் சரக்கை மொத்தமாக எடுக்கும். பத்துப் புடவை எடுக்கிறவருக்கு ஒரு விலை, பத்தாயிரம் புடவை எடுக்கிறவருக்கு ஒரு விலை. ஒரு சாமானில் கிடைக்கிற லாபம் கொஞ்சம்தான். ஆனால் அது அலமாரியில் தூங்காது, வந்த வேகத்தில் போகும். போட்ட பணம் சீக்கிரம் கைக்கு வந்து, வருஷத்தில் பல தடவை சுற்றும். ஒரு டம்ளர் வாங்க வந்தவங்க பை நிறையச் சாமானோடு போவாங்க. கடை வாடகை, கரண்டு, சம்பளம் எல்லாச் செலவும் அத்தனை சாமானுக்கும் பங்காகப் பிரிந்துவிடும்.

இத்தனையும் நடக்கணும் என்றால் வாசலில் ஓயாமல் கூட்டம் வரணும். ரயில் விஷயத்தை ஞாபகத்தில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். கூட்டம் இருந்தது, அதனால் குறைந்த விலை கட்டுப்படி ஆனது. விலை குறைந்ததால் கூட்டம் இன்னும் பெருகியது. இன்றைக்கும் அந்த ஜனத்துக்காகவே மாம்பலம் ஸ்டேஷனில் இருந்து தி.நகர் பஸ் நிலையம் வரைக்கும் ஆகாய நடைபாதை கட்டி 2023-ல் திறந்திருக்கிறார்கள்.

இப்ப நம்ம கணக்கைப் போடுவோம். ஒரு பேச்சுக்கு, ஒரு பாக்கெட்டில் எல்லாச் செலவும் போக நமக்கு 5 ரூபாய் நிற்குது என்று வைத்துக்கொள்வோம். 200 பாக்கெட் விற்றால் 1,000 ரூபாய். கம்பெனியை முந்துவதற்காகப் பாக்கெட்டுக்கு 3 ரூபாய் இறக்கினால் நமக்கு நிற்பது 2 ரூபாய். அதே 1,000 ரூபாய் கைக்கு வர 500 பாக்கெட் விற்கணும். இரண்டரை மடங்கு. இரண்டரை மடங்கு மிளகாய் காய வைக்கணும், காம்பு கிள்ளணும், மில்லுக்குத் தூக்கணும், பாக்கெட் போட்டு ஒட்டணும். சரி, உழைப்புக்கு நாம பயந்தவங்க கிடையாது. ஆனால் அந்த 500 பாக்கெட்டை வாங்க நம்ம ஊர் வாசலில் எந்த ரயில் நிற்குது?

வேறு வழி பிடித்தவர்கள்

விலையைக் குறைக்காமல், தரத்தில் பெரிய வித்தியாசமும் காட்ட முடியாத வியாபாரமும் உண்டு. டி.வி., மிக்சி, மின்விசிறி எல்லாம் எந்தக் கடையில் வாங்கினாலும் அதே கம்பெனிச் சாமான்தான். அதை விற்று எப்படி வேறுபட்டு நிற்பது?

கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தில் இருந்து வந்த எச். வசந்தகுமார் முதலில் வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக வேலை பார்த்தவர். தவணையில் சாமான் கொடுக்கிற முறையைச் சென்னையில் பிரபலமாக்கியது வி.ஜி.பி. அங்கே கற்றுக்கொண்ட தொழிலோடு 1978-ல் உஸ்மான் ரோட்டில் வசந்த் அண்ட் கோ கடையைத் தொடங்கினார். மொத்தப் பணமும் கையில் இல்லாத குடும்பத்துக்கு மாதத் தவணையில் பொருள் கொடுத்தார். மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு அது பெரிய உதவி. தமிழ்நாடு முழுக்கக் கிளைகள் வந்தன. பிற்காலத்தில் அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்து 2020-ல் கொரோனா காலத்தில் காலமானார். மயிலாப்பூரில் 1965-ல் சின்னக் கடையாகத் தொடங்கிய விவேக்ஸ், புத்தாண்டு அன்றைக்குத் தள்ளுபடி விற்பனை என்று ஒரு பழக்கத்தையே சென்னைக்கு உண்டாக்கியது. விடியும் முன்னாடியே ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். விற்றது எல்லாரும் விற்கிற சாமான்தான். ஒருத்தர் பணம் கட்டுகிற முறையை மாற்றினார், இன்னொருத்தர் வாங்குகிற நாளை ஒரு திருவிழா ஆக்கினார்.

மயிலாப்பூரில் இன்னொரு விதம் இருக்கு. கச்சேரி ரோட்டில் டப்பா செட்டிக் கடை என்று ஒரு நாட்டு மருந்துக் கடை. 1885-ல் இருந்து நடக்கிறது. மருந்துச் சரக்கை டப்பாக்களில் அடுக்கி வைத்ததால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. சுக்கு, திப்பிலி, கண்டதிப்பிலி, பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சாமான், தீபாவளிக்கு லேகியச் சாமான் எல்லாம் அங்கே போனால் கிடைக்கும் என்று ஊருக்கே தெரியும். ரங்கநாதன் தெருக் கூட்டம் அந்தக் கடைக்குத் தேவையே இல்லை. பிரசவ மருந்து தேடுகிற வீடுகள் அந்தக் கடையை மறக்காமல் இருந்தால் போதும். கபாலி கோயில் பக்கத்து கிரி டிரேடிங்கும் அப்படித்தான். பூஜைச் சாமான், சாமி புத்தகம் என்று ஒரு வட்டத்துக்குள் நின்று பேர் வாங்கியிருக்கிறார்கள்.

அஞ்சு திசையில் பார்க்கிறது

நமக்குத் தொழில் பயிற்சி நடந்தபோது ஒரு முறை சொல்லிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மைக்கேல் போர்ட்டர் என்கிற பேராசிரியர் 1979-ல் அதை ஒரு கட்டுரையாக எழுதினார். அடுத்த வருஷம் புத்தகமாகவும் வந்தது. உலகம் பூராவும் பெரிய கம்பெனிக்காரர்கள் அதை வைத்துத்தான் படிக்கிறார்களாம். அன்றைக்கு எனக்குப் பெரிசாகப் புரியவில்லை. தி.நகரை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியுது.

போட்டி என்றதும் நாம எதிர்க் கடையை மட்டும் பார்க்கிறோம். நம்ம லாபத்தைத் தின்ன அஞ்சு திசையில் இருந்து ஆள் வரலாம் என்பதுதான் அவர் சொன்னது. பட்டுக் கடையையே எடுத்துக்கலாம்.

முதல் திசை, ஏற்கெனவே இருக்கிற போட்டிக் கடை. பனகல் பார்க்கைச் சுற்றி அதற்குக் குறைவே இல்லை.

இரண்டாவது, புதுசாக வரப்போகிறவர். தி.நகரில் பழைய கடைகள் நன்றாக நடந்தபோதே திருநெல்வேலியில் இருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தும் புதியவர்கள் வந்தார்கள். நல்லா ஓடுகிற தொழில் என்றால் யாராவது வந்தே தீருவாங்க.

மூன்றாவது, நமக்குச் சரக்குக் கொடுக்கிறவர். காஞ்சிபுரம் பட்டுக்குப் பட்டு நூல் கர்நாடகத்தில் இருந்தும் ஜரிகை சூரத்தில் இருந்தும் வருது. அங்கே விலை ஏறினால் இங்கே நெசவாளருக்கும் கடைக்காரருக்கும் கை கடிக்கும்.

நான்காவது, வாங்குகிறவர். பக்கத்திலேயே பத்துக் கடை இருக்கும்போது வாங்குகிறவர் பேச்சுதான் எடுபடும். பிடிக்கவில்லை என்றால் பையை எடுத்துக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிடுவார்.

ஐந்தாவது, நம்ம பொருளுக்குப் பதிலாக வேறு ஒன்று. இதுதான் கண்ணுக்குத் தெரியாமல் வருவது. பட்டுப் புடவை மாதிரியே மின்னுகிற செயற்கைப் பட்டு வந்தது. விசேஷத்துக்குக்கூடச் சுடிதார் போடுகிற காலம் வந்தது. இப்ப போனிலேயே துணி வாங்குகிறார்கள்.

இப்ப நம்ம மிளகாய்த்தூளை இந்த அஞ்சு திசையில் நிறுத்திப் பார்க்கிறேன். இருக்கிற போட்டி, டி.வி.யில் விளம்பரம் பண்ணுகிற கம்பெனி பாக்கெட். புதுசாக வரக்கூடியவர், அடுத்த ஊராட்சிக் குழு. கடன் கிடைத்தால் ஒரு மாதத்தில் அவர்களும் அரைக்கலாம், தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது, அவர்களும் நம்ம பொண்ணுங்கதான். சரக்குக் கொடுக்கிறவர், மிளகாய் மண்டிக்காரர். ஒவ்வொரு குழுவும் தனித்தனியாகப் பத்துக் கிலோ வாங்கினால் அவர் சொன்னதுதான் விலை. வாங்குகிறவர், மளிகைக் கடைக்காரர். கமிஷனும் கேட்பார், கடனும் கேட்பார், விற்காததைத் திருப்பியும் கொடுப்பார். பதிலாக வரும் பொருள், வீட்டிலேயே மிளகாய் வாங்கிக் காய வைத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்வது.

ஆறு மாதமாக நாம பேசியது முதல் திசையை மட்டும்தான். கம்பெனி பாக்கெட்டோடு விலைச் சண்டைக்குப் போகணுமா என்று. மூன்றாவது திசையில் கூட்டமைப்பு நினைத்தால் நாளைக்கே ஒரு வேலை செய்யலாம். எல்லாக் குழுவுக்கும் சேர்த்து அறுவடைக் காலத்தில் மிளகாயை மொத்தமாக எடுத்தால், ரங்கநாதன் தெருக் கடைகள் மொத்தமாக எடுக்கிற அதே சாமர்த்தியம் நமக்கும் வரும். விலை ஏறிய மாதத்தில் மண்டி வாசலில் நிற்க வேண்டியதில்லை.

குறைந்த விலையில் யார் பங்கு இருக்கு

விலை இறக்குவது பற்றி இன்னொரு விஷயமும் எழுதணும். கடையில் விலை குறைந்தால், அந்தக் குறைச்சல் யாரோ ஒருத்தர் கையில் இருந்து போயிருக்கணும். மொத்தக் கொள்முதலில் இருந்து வந்தால் நல்லது. சில சமயம் வேலை செய்கிற பொண்ணுங்க காலில் இருந்து வருது.

பெரிய கடைகளில் துணி மடித்துக் கொடுக்கிற பிள்ளைகளை எல்லாரும் பார்த்திருப்போம். தெற்கு மாவட்டங்களில் இருந்தும் நம்ம மாதிரி கிராமங்களில் இருந்தும் வந்தவங்க. காலையில் நின்றால் ராத்திரி கடை மூடுகிற வரை நிற்கணும். 2010-ல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' படம் வந்த பிறகுதான் பலர் அந்தப் பிள்ளைகள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்கு முன்னாடியே, 2008 செப்டம்பர் 1-ந் தேதி ரங்கநாதன் தெருவில் ஒரு பலமாடிக் கடையில் தீப்பிடித்து, வேலை செய்த இரண்டு பேர் உயிர் போனது.

கேரளாவில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் உட்கார உரிமை கேட்டுப் போராடினார்கள். அங்கே 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. நம்ம தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டப்பேரவை கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை கொடுக்கணும் என்பது இப்போது சட்டம். ஒரு ஸ்டூலுக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கு.

நம்ம தொழிலில் முதலாளியும் நாமதான், வேலைக்காரியும் நாமதான். பாக்கெட்டுக்கு 3 ரூபாய் இறக்கினால் அது யார் கையில் இருந்து போகும்? மிளகாய் விலை குறையாது, மில்காரர் கூலி குறைக்க மாட்டார், கவர் விலை குறையாது. மீதி இருப்பது நம்ம கூலி. பல குழுக்களில் அந்தக் கூலியை நோட்டில் எழுதுவதே இல்லை. வீட்டு வேலை முடிந்து மத்தியானம் உட்கார்ந்து காம்பு கிள்ளுவதை யாரும் நேரமாக எண்ணுவதில்லை. கணக்கில் எழுதாத செலவு இருக்கிறவரை, விலை இறக்கலாம் என்றுதான் தோணும். கூலியை எழுதிப் பார்த்தால் சில பொருளில் இப்போதே நஷ்டம் வந்து நிற்கலாம்.

பெண்கள் நடத்திய ஒரு தொழிலில் இதே கேள்வி வந்திருக்கு. 1959 மார்ச் 15-ந் தேதி மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் போட ஆரம்பித்தார்கள். அதுதான் இன்றைக்கு லிஜ்ஜத் அப்பளம். ஆரம்பத்தில் அவர்கள் இரண்டு தரத்தில் அப்பளம் செய்தார்கள், மட்டமானதைக் குறைந்த விலைக்கு விற்கலாம் என்று. அவர்களுக்கு வழிகாட்டிய சகன்பாப்பா என்பவர், ஒரே தரம் போதும், அதில் எந்தக் காலத்திலும் இறங்காதீர்கள் என்று சொன்னார். அதைக் கேட்டார்கள். அப்பளம் போடுகிற பெண் ஒவ்வொருத்தியும் அங்கே பங்குதாரர். இன்றைக்கு நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் இருக்கிறார்கள்.

நம்ம வாசல் எது

தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தபோது சேமிப்பும் கடனும்தான் முதல் பாடம். அதை நாம நன்றாகவே கற்றுக்கிட்டோம். விற்கிற பாடத்தை இப்பதான் படிக்கிறோம். தி.நகருக்குப் பக்கத்திலேயே நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகம் இருக்கு. குழுக்களின் கண்காட்சி அங்கே நடக்குது. அங்கே வருகிற சென்னைக்காரங்க நம்ம பொடியைக் கையில் எடுத்ததும் விலையைக் கேட்பதற்கு முன்னாடி கேட்பது, "இது எந்த ஊரு? வீட்டில அரைச்சதா? கலர் ஏதும் போட்டிருக்கா?" அவர்கள் டப்பா செட்டிக் கடைக்குப் போகிற மாதிரி ஜனங்கள். கம்பெனியை விட 3 ரூபாய் குறைவு என்பதற்காக வருகிறவங்க அவர்கள் இல்லை.

போர்ட்டர் சொன்ன இன்னொரு விஷயமும் இதோடு சேரும். ஜெயிக்க மூணு வழிதானாம். எல்லாரையும் விடக் குறைந்த செலவில் செய்வது, வேறு யாரிடமும் இல்லாததைக் கொடுப்பது, ஒரு சின்ன வட்டத்துக்கு மட்டும் நன்றாகச் செய்வது. எதிலும் முழுசாக நிற்காமல் நடுவில் மாட்டிக்கொண்டவர்தான் அடிபடுவார். தி.நகரில் பார்த்த கடைகள் எல்லாம் ஏதோ ஒரு வழியைப் பிடித்து அதிலேயே நின்றவை. விலையில் மோதுவதற்குக் கூட்டமும் குடோனும் பெரிய முதலும் வேணும். நம்மிடம் இருப்பது கலப்படம் இல்லாத பொடி, யார் அரைத்தது என்று ஊரும் பேரும் சொல்ல முடிகிற நம்பிக்கை. அதனால் என் ஓட்டு விலை இறக்க வேண்டாம் என்ற பக்கம்தான். ஆனால் விலையை இறக்காமல் இருப்பது மட்டும் ஒரு வழி ஆகாது. வாங்குகிறவங்க அந்த விலையைக் கொடுக்க ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு குழு பாக்கெட் காரமாகவும் இன்னொரு குழு பாக்கெட் சப்பென்றும் இருந்தால் கூட்டமைப்பின் பெயர் ஒரு மாதத்தில் போயிடும்.

பொதுக்குழுவுக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் மூணு கணக்கை எழுதிக்கொண்டு வரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு கிலோ பொடிக்கு எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைக்கிறோம், அதற்குக் கூலி போட்டால் எவ்வளவு. வருஷத்துக்கு எவ்வளவு மிளகாய் வேணும், எந்த மாதத்தில் என்ன விலைக்கு வாங்கினோம். நம்ம பொடியைத் திரும்பத் திரும்ப வாங்குகிற வீடுகள் எத்தனை, அவங்க ஏன் வாங்குறாங்க. மூன்றாவது கணக்குக்கு அந்த வீடுகளிலேயே போய்க் கேட்டுவிடுங்க. அவங்க சொல்கிற வார்த்தையையே நோட்டில் எழுதிக்கொண்டு வாங்க. எல்லாக் குழு நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்மானத்தை எழுதலாம். விலை இறக்கணும் என்று சொல்கிற அக்காமாரும் தங்கள் கணக்கோடு வரணும். கணக்கு அவங்க பக்கம் நின்றால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.